மூன்றாம் நாள், பலெர்மோ

…இந்தச் சந்தியாய் இராது, நாலு மூலையிலும் கற்சிலைகள் நின்றதாக றீற்றாவுக்கு ஞாபகமேயில்லை, ஆனால் முப்பத்துநாலு வருசத்துக்கு முன் வான் வண்டியின் பின்சீற்றில் தலையைக் குனிந்தபடி இந்த நகருக்குள் வந்தவள் சிலையை எங்கே கண்டாள், கண்டதெல்லாம் தன் முழங்காலைத்தானே… முன்னால் கணவர் நவரட்ணம் போனை உயர்த்திப் பிடித்து மாடங்களையும் காயப்போட்ட துணிகளையும் படமெடுத்துக்கொண்டு போகிறார். கலியாணநாள் பரிசென்று கனடாவில் மகள் நிலக்சி அஜக்ஸிலிருந்து வந்து இவர்களின் அஜின்கோர்ட் வீட்டுக் குசினி மேசையில் அந்தக் கப்பல் பயணத் தாளை விரித்தபோது, “அம்மா, செவன் டேய்ஸ், ஒன்றும் சமைக்கத் தேவையில்லை” என்று அவள் சொன்னபோது, மூன்றாம் நாளுக்கு நேரே இருந்த பெயரைப் பார்த்துவிட்டு றீற்றா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துப் பார்த்தாலும் பலெர்மோ பலெர்மோவாகவே இருந்தது. வயிற்றுக்குத்து என்று சொல்லி இன்று கப்பலிலேயே படுத்திருக்கலாம், ஏன் இறங்கினாள், அவளுக்கே விளங்கவில்லை… “இத்தாலியில நாலு மாசம் நிண்டனான்” என்பதற்கு மேல் அவரிடம் அவள் ஒன்றும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை, கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் முதன்முதல் குடியிருந்த காலத்தில் யாரும் யாரிடமும் வழிப்பயணத்தைக் கேட்பதில்லை.

சந்தைக்குள் நுழைந்ததும் மீன்வாடை, வாள்மீனின் தலையொன்று ஐஸுக்கு மேல் வானத்தைப் பார்த்தபடி, ஐயோ இந்த ஒழுங்கைதானோ, இந்த இடிந்த மதில்தானோ… அந்த நாலு மாசமும் மூன்றாம் மாடி அறை, கனடாவுக்குக் காத்திருந்த ஆறு பேர், ஒரு யன்னல். வேரோனிக்காவுக்குப் பதினெட்டு வயது, றீற்றாவுக்குப் பத்தொன்பது, ஒரே பாயில்தான் படுத்தார்கள். கனடாவுக்குப் போகும் முறை வேரோனிக்காவுக்குத்தான் வந்தது, அன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது, ஆள் அனுப்புகிற ஏஜென்ற் அவளுக்கென்று எடுத்த கடவுச்சீட்டை விரித்துப் படத்தைப் பார்த்தான், றீற்றாவின் முகத்தைப் பார்த்தான், “நீயெண்டாலும் வா, ரெண்டு பேரும் ஒரு சாடைதான், பத்து நிமிசம் தாறன்” என்றான். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவள் “எங்கையடி போறாய்?” என்று கேட்டாள். “கடையில பாண் வாங்கிக்கொண்டு வாறன்.” அவ்வளவுதான், வேறென்ன சொல்லியிருக்க முடியும், உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் எழும்பியிருப்பாளே… எழும்பியிருப்பாளோ?

திடீரென்று கறிவேப்பிலை மணத்தது. ஒரு தமிழ்க்கடை, முருங்கைக்காய்க் கட்டுக்குப் பின்னால் இளம்பெண் ஒருத்தி. நவரட்ணத்துக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை, கனடாவிலிருந்து வந்தது, கப்பலில் வந்தது என்று ஒவ்வொன்றாய் அவிழ்த்தார், கடைசியில் அதையும் அவிழ்த்தார்.

“இவவும் முந்தி இஞ்சை நிண்டவ பிள்ளை, தொண்ணூற்றியொண்டில.”

“உண்மையாவோ அன்ரி? அப்ப எங்கட மாமியைக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும்! அவவும் அந்த நேரம்தான், கனடாவுக்கெண்டு வந்து, ஏஜென்ற் விட்டிட்டுப் போயிட்டானாம். மேலைதான் நிக்கிறா, கூப்பிடுறன்.”

“வேண்டாம் பிள்ளை, கப்பலுக்கு நேரம் போச்சு.”

“ஆறு மணிக்குத்தானே றீற்றா, இன்னும் ரெண்டரை மணித்தியாலம் கிடக்கு” என்றார் நவரட்ணம்.

பெண் அதற்குள் மேலே பார்த்துக் கூவிவிட்டாள். மரப்படியில் செருப்புச் சத்தம், ஒரு படி, நின்று, இன்னொரு படி, முழங்கால் நோக்காடு உள்ளவள் இறங்குகிற சத்தம்… வாசல் மூன்று எட்டில் இருந்தது, ஆனால் றீற்றாவின் கால் எழும்பவில்லை, விரல்கள் முருங்கைக்காயை இறுக்கிப் பிடித்திருந்தன, மாதாவே, அவளாய் இருக்கக்கூடாது, மாதாவே, அவள் என்ன கேட்பாள், பாண் எங்கே என்று கேட்பாளோ, இந்த மனுசன் பார்த்துக்கொண்டு நிற்கக் கேட்பாளோ… இறங்கி வந்தவள் நெட்டையாய், எழுபதை எட்டியவளாய், முன்பின் தெரியாத ஒரு முகத்தோடு நின்றாள். றீற்றாவின் மூச்சு வெளியே வந்தது.

“எந்த வீட்டில நிண்டனீங்கள் தங்கச்சி? உங்களோட ஆர் ஆர் நிண்டவை? பேரைச் சொல்லுங்கோ, அந்தநாள் ஆக்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். இருக்கினமோ, எங்கை இருக்கினமெண்டு சொல்லுவன்.”

பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

“ஒருத்தரையும் ஞாபகமில்லை அக்கா.”

வெளியே வெய்யில் கண்ணைக் குத்தியது, துறைமுகப்பக்கமாய்த் திரும்பிவிட்டார்கள், “நேரம் கிடக்கே, ஏனப்பா இப்பிடி ஓடுறாய்?” என்று நவரட்ணம் கேட்டார், போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தபடி நடந்தார், அவள் நடந்தாள், வேகமாய் நடந்தாள், கடல் தெரியும்வரை நடந்தாள்… வருசா வருசம் கார்த்திகை இரண்டாம் திகதி, இறந்த ஆன்மாக்களின் திருநாளில், ஸ்காபரோக் கோயிலில் மரித்தோர் பட்டியலில் வேரோனிக்காவின் பெயரையும் எழுதிக் கொடுத்து, முழங்காலில் நின்று பூசை கண்டு வந்தாளே, வேரோனிக்கா செத்துப்போனாளென்று எப்போது, யார், அவளுக்குச் சொன்னது?