ரசமட்டக்காரர் போட்ட தளம்

தெருவில் அவரை எல்லாரும் 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் தச்சர். இருபத்தெட்டு வருஷமாகக் கதவும் அலமாரியும் செய்கிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் பையிலிருந்து ஒரு முழ நீள ரசமட்டத்தை எடுத்து அவர்கள் மேஜைமேல் வைப்பார். கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் குமிழி நடுக்கோட்டில் நின்றால்தான் கொடுத்த டீயைக் குடிப்பார். இல்லாவிட்டால் மேஜைக் காலுக்குச் சீட்டு மடித்து வைத்துவிட்டுக் குடிப்பார்.

மனைவி தையல்காரி. பின்னறையில் சுவரோரமாக அவளுடைய மெஷின். ஒருநாள் மழை விட்ட காலையில், தைத்து முடித்த வெள்ளைச் சட்டையை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். முதுகில் பழுப்பாக ஒரு தீவு.

"டீ கொட்டிட்டியா?"

"சுவர் கொட்டிச்சு. சாஞ்சு தொங்கின சட்டை, சுவர்ல பட்டதும் இப்படி. தொட்டுப் பாருங்க, வேர்க்குது."

தொட்டார். பூச்சு அப்பளமாக உதிர்ந்தது.

"கேட்டுக்கங்க. அடுத்த மழைக்கும் இந்தச் சுவர் ஈரமா இருந்தா, என் மெஷின் முன்னறைக்கு வரும். உங்க பட்டறை இங்க வரும்."

அவர் பயந்துபோய் முன்னறையைத் திரும்பிப் பார்த்தார். முன்னறை என்றால் ஜன்னல் வெளிச்சம், வரிசையாக மாட்டிய உளிகள், காயவைத்த பலகைகள். அந்தப் பலகைகளை இந்த ஓதத்தில் அடுக்கினால் குடித்துக் குடித்து வீங்கும். வீங்கின பலகையில் செய்த கதவு, வாங்கினவர் வீட்டில் திறக்காது.

உடனே வெளியே போய்ச் சுவரடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பயமெல்லாம் பறந்துவிட்டது. ஒரு பொருள் எப்படிக் கெட்டது என்று புரிந்துவிட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

"இங்க வாயேன்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "அஸ்திவாரத்துக்கு அகலமாக் குழி தோண்டி, சுவர் எழுப்பி, மிச்சக் குழியில மண்ணைத் தள்ளி மூடியிருக்காங்க. தள்ளின மண்ணு வருஷா வருஷம் அமுங்கும். அமுங்கினா சுவரோரம் பள்ளம். கூரைத் தண்ணியை இறக்குற குழாயும் சரியா அந்தப் பள்ளத்துலயே ஊத்துது. தண்ணி தேங்குது, செங்கல் குடிக்குது. துணி நுனியைத் தண்ணியில விட்டா மேல ஏறுதில்ல? அதேதான்!"

"சந்தோஷப்படுறீங்க."

"எவ்வளவு அழகா நடந்திருக்கு பாரு!"

"சட்டைக்காரர் வந்தா அவர்கிட்டயும் சொல்லுங்க."

மூன்று நாள் வேலை. குழாய்க்கு ஒரு முழங்கை வளைவு மாட்டி, சுவரிலிருந்து நான்கு முழம் தள்ளிச் செடிகளுக்குள் விழும்படி நீட்டினார். பள்ளத்தில் மண் கொட்டினார், இடித்தார், இன்னும் கொட்டி இன்னும் இடித்தார். அதன்மேல் சுவர் நெடுகச் சிமெண்ட் கற்கள் பதித்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை. குமிழி கொஞ்சம் நகர்ந்தாலும் கல்லைப் பெயர்த்து மறுபடி வைத்தார். முடித்தபோது தளம் கண்ணாடி மாதிரி இருந்தது.

பார்வையிட மனைவியின் தம்பி வந்தான். குழாய் வேலைக்காரன். ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தில் கவிழ்த்தான். தண்ணீர் நாலு பக்கமும் சமமாகப் பரவி அப்படியே நின்றது. சுவரோரத்திலும் நின்றது.

"குளம் பிரமாதம் மாமா. மீன் எப்ப விடுறீங்க?"

"குறை என்னடா? ஒரு மயிரிழை ஏத்த இறக்கம் இருக்கா, சொல்லு!"

"அதான் குறை. அலமாரிக்கு மட்டம் வேணும். தண்ணிக்குச் சரிவு வேணும். சுவர்லேர்ந்து வெளிப்பக்கமா, முழத்துக்கு ஒரு விரல் கனம் இறங்கணும். அந்தப் பக்கம் வானத்தைப் பாருங்க, நாளைக்கே கொட்டும்."

அக்காள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்புச் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது.

அவர் கற்களைப் பெயர்த்தார். காரணம் புரிந்தது, கைக்குத்தான் புரியவில்லை. கல்லைச் சாய்த்து வைப்பார். ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓரத்துக்கு ஓடிவிடும். அதைப் பார்த்ததும் அவர் கை தானாகப் போய்ச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் கல்லை மட்டமாக்கிவிடும். மத்தியானம்வரை ஐந்து கல் வைத்தார். ஐந்தும் மட்டம்.

"அந்தக் குச்சியைத் தூரப் போடுங்க மாமா!"

"அது இல்லாம வேலை செஞ்சா குத்துமதிப்புடா. குத்துமதிப்பா எதையும் நான் செஞ்சதில்ல."

மனைவி வந்து ரசமட்டத்தைப் பிடுங்கினாள். மூன்று தடித்த கோட்டுப் பொத்தான்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் பசைநாடாவால் ஒட்டினாள். விரல் கனம்.

"பொத்தான் முனை வெளிப்பக்கம் இருக்கட்டும். இப்ப உங்க குமிழியை நடுவுல நிறுத்துங்க."

அவர் வைத்தார். யோசித்தார். குமிழி நடுவில் நிற்கவேண்டுமானால் கல்லின் வெளிமுனை சரியாகப் பொத்தான் உயரத்துக்குத் தாழ்ந்திருக்க வேண்டும்! முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. இருட்டுவதற்குள் முழுத் தளமும் சரிந்துவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் குமிழி நடுவில்.

மறுநாள் பொழுது விடிந்ததுமே மழை. மூவரும் பின்வாசலில் நின்றார்கள். கல்லில் விழுந்த தண்ணீர் ஒரு நொடிகூட யோசிக்காமல் வெளிப்பக்கம் ஓடியது. குழாய்த் தண்ணீர் செடிகளுக்குள் கொட்டியது. சுவரடியில் சொட்டுத் தேங்கவில்லை.

"பாத்தியா! இனிமே புதுத் தண்ணி ஒரு துளி உள்ள போகாது," என்றார். "ஏற்கெனவே குடிச்சது மட்டும் மெல்ல வெளிய வரணும்."

மச்சான் இருமினான்.

"எப்படி வரும்னா, சுவரோட மேற்பரப்புலதான் காயும். உள்ள இருக்கிற ஈரம் அங்க வந்து சேரணும். அவசரப்படுத்த முடியாது."

மச்சான் அவர் காலை மிதித்தான். தான் சொல்வதை இவன் நம்பவில்லை என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னடா? ஒரு அங்குலம் காய ஒரு மாசம்! இது ஒம்பது அங்குலச் சுவர். ஒம்பது மாசம் ஆகும், பந்தயம் கட்டுறியா?"

மச்சான் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒம்பது மாசம்," என்றாள் மனைவி. "அதுவரைக்கும் சுவர் ஈரமாத்தான் இருக்கும்."

"இருக்கும்... ஆனா அது போற ஈரம்மா, வர்ற ஈரம் இல்ல."

"சட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" அவள் திரும்பினாள். "தம்பி, மெஷினை ஒரு பக்கம் பிடி."

அவர் பின்னாலேயே ஓடினார். "என் பலகையெல்லாம் இந்த அறையில வீங்கிடும்மா!"

"உங்க பலகையை இங்க கொண்டு வரச் சொன்னேனா? சரியாச் செஞ்சிருக்கீங்க, அதனால தண்டனை பாதிதான். முன்னறையில ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. மேஜையைக் கொஞ்சம் நகர்த்துங்க."

அவர் மூச்சு விட்டார். உளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கதவுப்பக்கச் சுவரில் மாட்ட ஆரம்பித்தார். ஜன்னல் பக்கம் யாருக்கு என்று கேட்கவே இல்லை.