வேட்டுக் குழாய்

என் வீட்டுக்காரர் மாயவனைத் துப்பாக்கி வழக்கில் பிடித்து நாற்பத்தொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அவர் கையில் இருந்தது எங்கள் மலைக் காளியம்மன் கோயில் வேட்டுக் குழாய். மருந்து கெட்டித்துத் திரியில் நெருப்பு வைத்தால் வெடிக்கும், அவ்வளவுதான். அடியில் விரிசல் விட்டிருந்ததால், வடக்கனந்தலில் வெல்டிங் வைத்துச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். பஸ்ஸை நிறுத்திய சப்-இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் அதை நாட்டுத் துப்பாக்கி என்றுவிட்டார். விசை எங்கே, கட்டை எங்கே என்று பார்க்கக்கூட அந்த மனுஷனுக்குப் புத்தி போகவில்லை.

நாலு வருஷம் கழித்துக் கோர்ட்டு இவரை விடுவித்து, ஒரு லட்சம் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. பணம் வந்துவிட்டது. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "துப்பாக்கி மாயவன் வந்துட்டாருடோய்!" என்பது நிற்கவில்லை. மனுஷன் சிரிப்பதையே விட்டுவிட்டார்.

"புடிச்ச ஆளே ஊர் முன்னால அது துப்பாக்கி இல்லன்னு சொல்லணும் காசி. வெறும் பணத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்பார் என்னிடம்.

குழாயைக் கோயிலில் ஒப்படைக்கவும் உத்தரவு இருந்தது. இழுத்தடித்து, திருவிழா அன்று காலையில் அரங்கநாதனே ஜீப்பில் கொண்டுவந்தார். கையெழுத்து வாங்கியதும் நழுவப் பார்த்தார். விடுவோமா? குழாயைக் கோயிலுக்குள் கொண்டுவந்த கைதான் முதல் வேட்டுப் போடவேண்டும். இல்லையென்றால் அம்மன் கிளம்பமாட்டாள். எங்கள் வழக்கம் அது.

பூசாரி வேடியப்பன் நீளக் குச்சியில் நெருப்பை நீட்டினார்.

"யோவ், நான் போலீஸ்யா!"

"நீங்கதான சார் தூக்கியாந்தீங்க?"

மருந்து கெட்டித்தது மாயவன். அன்றைக்குக் கை கொஞ்சம் தாராளம். நான் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

டமார்!

தொப்பி ஒரு பக்கம், அரங்கநாதன் ஒரு பக்கம். பலிக்குக் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடின. என் வீட்டுக்காரர் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, காதருகே குனிந்து கேட்டார்: "சார், இது துப்பாக்கிங்களா?"

"ஆங்?"

"துப்பாக்கியான்னு கேட்டேங்க!"

காது அடைத்தவர் மெல்லவா பேசுவார்? கரிமுகத்தோடு தொண்டை கிழியக் கத்தினார்: "துப்பாக்கி இல்லய்யா! வேட்டுக் குழாய்! கோயில் வேட்டுக் குழாய்யா!"

எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

மாயவன் வாயெல்லாம் பல்லாக, தன் காதையும் பொத்திக்கொண்டார்.

"எனக்கும் அடைச்சிப்போச்சி சார். இன்னொரு தபா சொல்லுங்க."