ஓரம் வெட்டிய புத்தகம்

குடும்பத்தில் சித்தப்பாவுக்கு 'முதல் பதிப்பு' என்று பேர். அவர் முதுகு திரும்பினால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வரி அலுவலகத்தில் முப்பது வருஷம் ஊரை உருட்டி மிரட்டிவிட்டு, ஓய்வு பெற்றதும் அரிய புத்தகங்கள் சேர்க்கக் கிளம்பினார். வீட்டுக்கு வந்த ஆள் உட்கார இடமில்லை, புத்தகங்களுக்கு மட்டும் கண்ணாடி அலமாரி. ஒன்றையாவது படித்தீர்களா என்று கேட்டால், பிரித்தால் கட்டு தளர்ந்துவிடும் என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் கையில் போய்த் தன் அம்மாவின் புத்தகத்தைக் கொடுத்தாளே அவர் அண்ணன் மகள், பள்ளிக்கூட டீச்சர், அவள் புத்தி எங்கே போயிற்று?

டீச்சரின் அம்மா பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். அங்கிருந்த பெரிய டாக்டர் பிரசவம் பார்ப்பது பற்றி ஒரு புத்தகம் போட்டார், தப்பும் தவறுமாக. ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு, கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா என்று அவளிடம் நீட்டினார். அம்மா ஆறு மாதம், வார்டு வேலைக்கு நடுவே, பக்க ஓரமெல்லாம் நீல மையால் திருத்தி எழுதினாள். இரண்டாம் பதிப்பில் அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் அப்படியே அச்சாகி வந்தது. பேர் மட்டும் இல்லை. நன்றியுரையில் தன் கார் டிரைவருக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார் அந்தப் புண்ணியவான். வேலை முடிந்ததும் பழைய பிரதியை அம்மாவின் மேஜையில் போட்டுவிட்டுப் போனார்.

இப்போது நர்சிங் கல்லூரி அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சிடுகிறது. அம்மா எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அட்டையில் அவள் பேரையும் போடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். அதைக் கேள்விப்பட்ட சித்தப்பா, தான் நடத்தப்போகும் அரிய புத்தகக் கண்காட்சியிலேயே வைக்கலாம், முதல்வர் அங்கேயே வந்து பார்க்கட்டும் என்றார். நாலு பேர் பார்த்தால் நல்லதுதானே என்று அம்மாவுக்கும் ஆசை. டீச்சர் ஒரு போட்டோகூட எடுக்காமல் தூக்கிக் கொடுத்தாள். சொந்தச் சித்தப்பாதானே என்ற நம்பிக்கை. அதை நினைத்தால் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும் அவளுக்கு.

கண்காட்சியன்று அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். முதல்வர் முன்னமே வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் தோல் அட்டை, தங்க எழுத்து. புத்தகம் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. சித்தப்பா வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளைக் களையோடு அதைத் திறந்தார். உள்ளே அச்செழுத்து மட்டும்தான் இருந்தது. நீலம் ஒரு பொட்டுகூட இல்லை.

"எங்கே சித்தப்பா அம்மா எழுதினது?"

"அதைத்தான் எடுத்தாச்சேம்மா. பக்கம் பக்கமா பிரிச்சு, தண்ணியில அலசி, போகாத இடத்துல ஓரத்தை வெட்டச் சொல்லிட்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்ட முதல் பதிப்பு இது. அதுல நர்ஸ் கிறுக்கல் இருந்தா யாரு மதிப்பா?"

அந்தக் கிறுக்கலைப் பார்க்கத்தானே முதல்வர் வந்திருக்கிறார் என்றாள் டீச்சர். அதுக்கென்ன, அண்ணிதான் எழுதினாங்கன்னு நானே சொல்றேனே என்றார் அவர், பெரிய மனசோடு. டாக்டரின் கையெழுத்து இருந்த தாளை மட்டும் வெட்டாமல், கண்ணாடித் தாள் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார்.

முதல்வர் புத்தகத்தைக் கடைசிவரை புரட்டினார். தான் நம்புவதாகவும், கல்லூரியின் பதிப்புக் குழுவுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே என்றும் தணிந்த குரலில் சொன்னார். அதற்குமேல் அவர் என்ன சொல்வார், பாவம்.

அம்மா புத்தகத்தை மடியில் வைக்கச் சொன்னாள். நாற்பத்தோராம் பக்கம் என்று கேட்டு வாங்கினாள். வரியின் மேல் விரலை வைத்து ஓரத்துக்கு நகர்த்தினாள். விரல் தாளைத் தாண்டி வெளியே போய்விட்டது.

"இங்கதான் எழுதியிருந்தேன்," என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பாள். பக்கத்து மேஜையில் பெயர்ச்சீட்டு எழுதுகிற தடித்த பேனா கிடந்தது. அதை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"என்ன எழுதியிருந்தே, சொல்லும்மா."

சித்தப்பா, அது அரிய பிரதி, அது ஒண்ணுதான் இருக்கு என்று பதறிக்கொண்டு கையை நீட்டினார். முதல்வர் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"தாய்க்கு ரத்தம் நிக்கலேன்னா டாக்டருக்காகக் காத்துக்கிட்டு நிக்காதே," என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். "வயித்தை நல்லா அழுத்தித் தேய்ச்சுக்கிட்டே இரு."

ஓரம் இல்லாததால் டீச்சர் டாக்டரின் வரிகள் மேலேயே எழுதினாள். எழுதிவிட்டு, அடுத்தது எந்தப் பக்கம் என்று கேட்டாள்.