இறுகவே இறுகாத கலவை

மேற்பார்வை அதிகாரி என் கான்கிரீட் கலவையை மூன்று முறை தள்ளிவிட்டார். ஒருமுறைகூட அறிக்கையைப் பிரித்துப் பார்க்கவில்லை, மகராசன். நான்காவதும் தேறாவிட்டால் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். தண்ணீரைக் குறைத்தேன், ஜல்லியை மூன்று அளவாகப் பிரித்துச் சேர்த்தேன், சிமெண்டில் கால்பங்குக்கு நிலக்கரிச் சாம்பல் போட்டேன்.

சாலையில் கொட்டிய அன்று அவர் வந்தார். "இது எந்த ஜென்மத்துலயும் இறுகாதும்மா" என்று சொல்லி, கலவையை அதிரவைத்து அமுக்கும் வைப்ரேட்டர் ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே காலை வைத்தார். கெண்டைக்கால்வரை இறங்கினார். உடனே ஏறி வந்திருக்கலாம். ஆனால் ஏன் இறுகாது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். எதற்கும் ஒற்றைக்காலில் நிற்கிற மனுஷர், அன்று இரண்டு காலிலும் நின்றார். ஐந்து மணி நேரம் பேசி முடித்தபோது கலவை இறுகியிருந்தது.

"உடைச்சு எடுத்துரலாம் சார்" என்றேன்.

"சுற்றறிக்கை போட்டதே நான்தான். இருபத்தெட்டு நாள் முடியாம சாலை மேல யாரும் கடப்பாரை வைக்கக் கூடாது."

அங்கேயே நின்று கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். சாலை காயாமல் ஈரச்சாக்கு போடுகிறவர் தினம் இரண்டு வேளை அவர் காலுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றினார். அவர் மனைவி மதியம் சாப்பாட்டுடன் வந்து குடை பிடித்தார். "வீட்டுலயும் இப்படித்தான்மா, பேச ஆரம்பிச்சா நகர மாட்டாரு" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

இருபத்தெட்டாம் நாள், அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டிகளை அழுத்தி உடைத்தோம். வலிமை நாற்பது வேண்டும், நாற்பத்தேழு வந்தது. அறிக்கையை நீட்டினேன். தேறியது என்று எழுதினால் அந்தச் சாலையை ஐந்து வருடம் யாரும் உடைக்க முடியாது. அதுவும் அவர் போட்ட விதிதான். தேறவில்லை என்று எழுதினால் அன்றே சாலையை உடைத்து அவரை வெளியே எடுக்கலாம், என் வேலை போகும்.

"தேறலைன்னு எழுதிட்டு வீட்டுக்கு வாங்க" என்றார் மனைவி.

எனக்கும் பாவமாக இருந்தது. "எழுதுங்க சார். நான் வேற வேலை பாத்துக்கறேன்."

அவர் முதல்முறையாக அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். "இருபத்தெட்டு நாளா ஆட்டி ஆட்டிப் பாத்தேன்மா. இம்மி அசையல. இதைப் போய் மோசம்னு எப்படி எழுதுறது?" தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அழுதுவிட்டேன்.

மனைவி குடையை அவர் கையில் கொடுத்தார். "நாளைக்குப் பெரிய குடையா எடுத்துட்டு வர்றேன்."

மாலையில் சாலை திறந்தது. முதல் லாரி அவரைச் சுற்றிக்கொண்டு போனது. எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.