மாத்தச்சனின் முகம்

குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் அது நடந்தது. ரோஸிலியின் உள்ளங்கை முதுகில் பட்டதும் பிள்ளை வீறிட்டு, "குத்துதும்மா" என்று நழுவி ஓடி அப்பன் காலைக் கட்டிக்கொண்டது. அவள் கையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்துப் பிளந்து கிடந்தது. மீன் குழம்பு பட்டால் உயிர் போகும் என்று கொஞ்ச நாளாகவே அவளுக்குக் கரண்டிச் சோறுதான். "மதாம்மா சாப்பிட உக்காந்தாச்சு" என்று தினமும் கேலி பேசுகிற புருஷன் பவுலோஸ் அன்று சிரிக்கவில்லை. மூங்கிலைச் சீவி, நுனியில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி, ஓர் இடுக்கி செய்து கொடுத்தான். ஸ்டுடியோவில் படம் கழுவும் மருந்தில் இனியும் கை வைத்தால் பழைய தோல் திரும்பாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள்.

சாலக்குடியில் தேவஸ்ஸியின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கைதான். காகிதம் டெவலப்பர் மருந்துத் தட்டில் கிடக்கும்போது, வெளுத்து நிற்கிற முகத்தை மட்டும் விரலால் மெல்லத் தேய்ப்பாள். விரல் சூட்டில் கண்ணும் மூக்கும் கறுத்துத் தெளிந்து வரும். இடுக்கியால் காகிதத்தைத் தூக்கலாம், புரட்டலாம். சூடு கொடுக்க முடியாது.

அன்று பார்த்து ரப்பர் கடை மாத்தச்சன் செத்துப்போனார். சவப்பெட்டிக்கு முன்னால் வைக்கப் பெரிய படம் வேண்டும், சாயங்காலம் அடக்கம். மகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கிடைத்த நெகட்டிவோ ஏதோ கல்யாணத்தில் பிளாஷ் வெளிச்சம் முகத்தில் அறைந்து எடுத்தது. இருட்டறையின் சிவப்பு விளக்கில் மாத்தச்சனின் ஜிப்பா வந்தது, தோள் துண்டு வந்தது, மடியில் கோத்த கைகள் வந்தன. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை.

"தேயி" என்றார் தேவஸ்ஸி.

ரோஸிலி இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

"மாட்டேன் முதலாளி."

"வெளையாடுற நேரமா இது? அந்த மூங்கில் குச்சியத் தூக்கிப் போட்டுட்டு கைய விடு."

"விட்ட வரைக்கும் போதும். எம் புள்ளயே என்னத் தொட விடல."

"எல்லாருக்கும் வர்றதுதான். தேங்கா எண்ண போட்டாச் சரியாப் போயிரும்."

"உங்களுக்குச் சரியாச்சா?"

பகல் வெளிச்சத்தில் கல்லாவில் தேவஸ்ஸி கை நீட்டும்போதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். விரல் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகப் பழைய தழும்புகள்.

"உங்க கைக்கு ஆகலன்னுதானே என்ன உள்ள விட்டீங்க? அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நாளைலேருந்து வர வேண்டாம் நீ."

"வருவேன். இந்த இடுக்கியோடதான் வருவேன். வாசல்ல நின்னு தடுங்க, எதுக்குத் தடுக்குறீங்கன்னு தெருவுல உள்ளவங்க கேக்கட்டும்."

தட்டில் ஜிப்பா கறுத்துக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் விட்டால் மொத்தமும் கரியாகிவிடும். அவள் விரல்கள் பழக்கத்தில் துடித்தன. அக்குளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

தேவஸ்ஸி கெட்ட வார்த்தை ஒன்றை முனகிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். தட்டுக்கு மேலே விரல் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு இறங்கியது. மூக்குதான் முதலில் வந்தது. அப்புறம் மீசை.

"கடுக்குதா முதலாளி?"

தேவஸ்ஸி உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்.

வெளியிலிருந்து மகன் கதவைத் தட்டினான். "எங்க அப்பச்சன் வந்தாச்சா சேட்டா?"

"வந்துக்கிட்டிருக்காரு" என்றார் தேவஸ்ஸி, தலை நிமிராமல்.

ரோஸிலி இடுக்கியை எடுத்து அதன் வாயை விரித்தபடி தட்டின் ஓரத்தில் பிடித்தாள். மாத்தச்சனின் ஒரு கண் திறந்திருந்தது. இன்னொன்றின் மேல் தேவஸ்ஸியின் விரல் இருந்தது.