கமிட்டிக்கு வளர்த்த ஆடு

நாடகம் போடுகிறவர்கள் முதலில் கதையை யோசிப்பார்கள். நூருத்தீன் முதலில் ஆட்டை யோசிப்பார்.

ஆடு என்றால் நிஜ ஆடு இல்லை. துனீசியாவின் தலைநகரான தூனிஸில் அந்த நாட்களில் எந்த நாடகமானாலும் மேடையேறுவதற்கு முன் ஒரு கமிட்டிக்கு முழுசாக நடித்துக் காட்டியாக வேண்டும். கமிட்டிக்காரர்கள் காலி அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்து, காபி குடித்து, எதையாவது வெட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வெட்டாமல் எழுந்தால் வாங்குகிற சம்பளம் செரிக்குமா? அதனால் நூருத்தீன் ஒவ்வொரு நாடகத்திலும் அவர்கள் வெட்டுவதற்கென்றே ஒரு காட்சியைக் கொழுக்கக் கொழுக்க வளர்ப்பார். அதைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் கை துறுதுறுக்கும். அதை வெட்டிப் போட்ட திருப்தியில் கமிட்டி வீட்டுக்குப் போகும், மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளும். அந்தக் காட்சிக்கு நாடகக்காரர்கள் வைத்திருந்த பெயர்தான் ஆடு.

இந்தத் தடவை பிழைக்க வேண்டியது குழுவின் நடிகை சல்வாவின் கூடைக் காட்சி.

சல்வாவின் தம்பி உஸ்மான் தெற்கே சுரங்க ஊரில் வேலை கேட்டு ஊர்வலம் போனவன். போனவன் வீடு திரும்பவில்லை, தலைநகரத்துப் பக்கம் ஒரு சிறையில் இருக்கிறான். உள்ளே இருப்பவர்களுக்கு வாரம் ஒரு சாப்பாட்டுக் கூடை வீட்டிலிருந்து போகும். அம்மா மப்ரூக்கா சமைத்துக் கட்டிக்கொண்டு தெற்கிலிருந்து பஸ் ஏறி, தூனிஸில் இன்னொரு பஸ் மாறி, சிறை வாசலில் காத்துக் கிடந்து, சன்னல் காவலாளி ஒவ்வொன்றையும் கிளறிப் பார்த்த பிறகு அந்தக் கூடையைக் கொடுத்துவிட்டு வருவாள். பத்திரிகைகளைப் படித்தாலோ நாட்டில் அரசியல் கைதி என்று ஒரு ஈ காக்கை கிடையாது. அக்கம்பக்கத்தில் யாரும் அம்மாவிடம் கேட்பதில்லை, அவளும் யாரிடமும் சொல்வதில்லை. இல்லவே இல்லாத ஒரு ஆளுக்கு அம்மா வாராவாரம் சமைத்துக் கொண்டிருக்கிறாள் என்பதுதான் சல்வாவின் வயிற்றெரிச்சல்.

ஒரு தாய் கூடையோடு நின்று பேசுகிற காட்சி ஒன்றை அவளே எழுதினாள். நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவையாவது அதைச் சொல்லிவிட வேண்டும், அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தாள். முதல் நாள் நாடகத்துக்கு அம்மா வருவதாக இருந்தது. அவள் ஆயுளில் நாடகமே பார்த்தவள் இல்லை.

ஆடாக நூருத்தீன் வளர்த்தது கோழிப்பண்ணைக் காட்சி. கோழிகள் சரியாக முட்டையிடுவதில்லை என்று பண்ணையில் முதலாளியின் படத்தைத் தொங்கவிடுகிறார்கள். படத்தைப் பார்த்ததும் கோழிகள் எழுந்து நின்று வணக்கம் வைத்து, பயத்தில் வரிசையாக முட்டையிடுகின்றன. மேடையில் இருந்தது வெறும் சட்டம், உள்ளே படம் கிடையாது. ஆனால் சலூன், மீன்கடை, பல் வைத்தியர் வீடு என்று நாடு முழுக்க எந்தப் படம் தொங்கியது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தொந்தியும் தொப்பையுமான லமீன்தான் தலைமைக் கோழி. சல்வா பண்ணைக்காரி.

கமிட்டி வந்தது, காபி வந்தது, நாடகம் முடிந்தது.

"அந்தக் கோழி சமாச்சாரத்த எடுத்துடணும்," என்றார் உறுப்பினர் ஃபரீத், எதிர்பார்த்தபடியே.

நூருத்தீன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அந்த முகத்தையும் வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தார்.

"எதுக்காக எடுக்கணும்?" என்று கேட்டார் கமிட்டித் தலைவர் தவ்ஃபீக். பதவிக்குப் புதியவர், எதையும் கிளறிக் கேட்கிற மனிதர்.

"அந்தப் படம் இருக்குதுங்களே..."

"எங்க இருக்கு படம்? காலிச் சட்டம்தானே தொங்குச்சு?"

"காலிதாங்க. ஆனா பாக்கறவங்களுக்கு ஒருத்தரு ஞாபகம் வரும்."

"யாரு ஞாபகம்?"

ஃபரீத் காபிக் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"கேக்கறேன்ல, கோழிப்பண்ணையப் பாத்ததும் உமக்கு யாரு ஞாபகம் வந்துச்சு?"

"எனக்கா? சத்தியமா எனக்கு யாரும் வரலைங்க!"

"எனக்குக் கோழி ஞாபகம்தான் வந்துச்சு," என்று மூன்றாமவர் கேட்காமலே முந்திக்கொண்டார்.

"பின்ன என்ன? குடும்பத்தோட பாக்கற மாதிரி நல்ல தமாஷ். இருக்கட்டும்," என்றார் தவ்ஃபீக். ஆனால் காபியைக் குடித்தாயிற்றே, எதையாவது வெட்டியாக வேண்டுமே. பிரதியைப் புரட்டினார். "இந்தக் கூடைக்காரி ஒரேயடியா அழுவுறா. ஜெயிலுன்னு பச்சையாவே சொல்றா. இவ பேசறது ஒரு வரி விடாம எடுத்துடுங்க."

அவர்கள் போன பிறகு நடிகர்கள் மேடையில் கூடினார்கள். லமீன் இறகு உடுப்போடு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஆடு பொழச்சிருச்சுண்ணே," என்றான். "அறுக்கவேண்டியதை விட்டுட்டு வீட்டுப் பிள்ளையைப் போயி அறுத்துட்டானுங்க."

"உங்க ஆட்டைக் கொண்டுபோய்க் குப்பைல போடுங்கண்ணே!" சல்வா பிரதியைத் தரையில் எறிந்தாள். "இம்புட்டு வருஷமா கமிட்டியைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி பேசுனீங்களே?"

"இந்த மாதிரி ஒரு ஆளை நான் எங்கம்மா பாத்தேன்? வெட்டுன்னா காரணம் கேக்குறான்!" நூருத்தீன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ அவசரப்பட்டு ஏதும் பண்ணிராத. மொத நாளு ஃபரீத் மடியில பிரதியோட உக்காந்திருப்பான். ஒரு வார்த்தை கூடுச்சுன்னா அரங்கத்தையே பூட்டிருவாங்க."

அம்மாவுக்குப் போன் செய்து, நம்ம சமாச்சாரம் நாடகத்தில் இல்லை, வரவேண்டாம் என்றாள் சல்வா.

"கோழி இருக்கா?"

"கோழி இருக்கும்மா."

"அப்ப கோழியப் பாத்துட்டுப் போறேன். நானென்ன சும்மாவா வாரேன்? மறுநாள் எப்படியும் அவனுக்குக் கூடை கொண்டுபோகணும்ல."

சல்வாவால் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. மூன்றாம் நாள் ஒத்திகையில், கோழிகளுக்குத் தீனி கொண்டுவரும் வாளியைக் கையில் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, பிரதில இந்த எடத்துல என்ன போட்டிருக்கு?"

"பண்ணைக்காரி தீனி கொண்டு வருகிறாள்."

"வாளியிலதான் கொண்டு வரணுமா?"

நூருத்தீனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் வாசல் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"ஃபரீத் கேட்டா என்ன சொல்லுவ?"

"கூடையப் பாத்ததும் ஐயாவுக்கு எது ஞாபகம் வந்துச்சுன்னு மரியாதையா திருப்பிக் கேப்பேன்."

லமீன் இறக்கையை அடித்துக்கொண்டு சிரித்தான். நூருத்தீன் சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. லமீன் வணக்கம் வைத்து முதல் முட்டையை இட்டபோது சனம் கைதட்டி உருண்டது. சிரிப்பு அடங்குவதற்குள் பண்ணைக்காரி வந்துவிட்டாள். கையில் ஓலைக்கூடை, மேலே முடிச்சுப் போட்ட துணி.

அவள் கோழிகளிடம் போகவில்லை. சட்டத்துக்கு முன்னால் போய் நின்று முடிச்சை அவிழ்த்தாள். ரொட்டியை எடுத்து, நடுவே பிய்த்து, உள்பக்கம் தெரியும்படி சட்டத்துக்குள் நீட்டிக் காத்திருந்தாள். ஏதோ தலையசைப்பு கிடைத்ததுபோல எடுத்துக் கீழே வைத்தாள். ஒரு ஜோடி காலுறையை உள்ளும் புறமும் திருப்பிக் காட்டினாள். கூஸ்கூஸ் சோற்றுச் சட்டியைத் திறந்து, கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிக் காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

சிரிப்பு ஒரே வீச்சில் நிற்கவில்லை. இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று அணைந்துகொண்டே வந்தது. ஃபரீத் பிரதியை முன்னும் பின்னும் புரட்டினார். பண்ணைக்காரி தீனி கொண்டு வருகிறாள் என்றுதான் எத்தனை தடவை பார்த்தாலும் இருந்தது. லமீன் அடுத்த முட்டையை இட மறந்து நின்றான்.

"அடியே சல்வா!"

மூன்றாம் வரிசையிலிருந்து மப்ரூக்கா எழுந்து நின்றாள். நாடகத்தில் குறுக்கே பேசக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"ரொட்டிய ஏண்டி முன்னாடி நீட்டுற? அதை நோண்டிக்கிட்டே அவன் நேரத்த ஓட்டிப்புட்டு சன்னலைச் சாத்திருவான். கூஸ்கூஸை முதல்ல காட்டு!"

சல்வா சட்டியும் கையுமாக உறைந்துபோனாள். இத்தோடு அரங்கத்துக்குப் பூட்டுத்தான் என்று நினைத்தாள்.

"அக்கா சொல்றது சரிதான்," என்றது மாடத்திலிருந்து ஒரு பெண்குரல். "போன வாரம் எனக்கு அப்படித்தான் சாத்திட்டான்."

"ஹரிஸா மொளகா விழுத டப்பாவுல வைக்காதீங்க, திருப்பிக் குடுத்துருவாங்க." இது முன்வரிசையில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர், ஃபரீத்துக்குப் பக்கத்து இருக்கை. "ரொட்டியிலேயே தடவிக் கொண்டுபோயிடணும்."

மப்ரூக்கா அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு யாருப்பா உள்ள?"

அவர் ஃபரீத்தை ஒரு பார்வை பார்த்தார். "எங்க அண்ணன்மா," என்றார்.

"இதெல்லாம் பிரதியில இல்ல!" என்று ஃபரீத் மேடையைப் பார்த்துக் கத்தினார்.

"நாங்க ஒண்ணுமே பேசலைங்களே," என்றான் கோழி.

அது உண்மைதான். மேடை வாயைத் திறக்கவில்லை. இப்போது பேசிக்கொண்டிருந்தது அரங்கம். பின்வரிசையில் யாரோ மகன் என்றார்கள், யாரோ மருமகன் என்றார்கள். ஒரு கிழவர் எழுந்து தன் மகளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஃபரீத் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதைப் பற்றிப் பேசினார்கள் என்று எழுதுவது எனத் தெரியாமல் இருந்தார்.

மப்ரூக்கா தலையை அண்ணாந்து மாடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எந்தக் கிழமைம்மா போற?"

"வியாழக்கிழமைக்கா. இங்கேருந்து காலை பஸ்ஸு."

"நானும் அந்த பஸ்ஸுதான். எனக்குப் பின்னாடி சீட்டுல, கூடைய மேல்துணிக்குள்ள மூடி வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வரும். ஒரு வருஷமா பாக்கறேன். அது நீயாடி?"

"நான்தான்க்கா," என்றாள் அந்தப் பெண். "நீங்களும் மூடித்தானே வச்சிருந்தீங்க."