தட்டிப் பார்க்கிறார்

"விடுங்க, அவரே தூக்கட்டும்" என்று ரோண்டா கையை நீட்டித் தடுத்தாள்.

விற்பனைக்கு நிறுத்தியிருந்த கேம்பருக்குள் ஏறப் போன அதன் சொந்தக்காரர் கர்ட்டிஸ், படியில் வைத்த காலைக் கீழே எடுத்துக்கொண்டார். உள்ளே அவள் அப்பா எல்டன் குனிந்து நின்று, மடிந்து கிடந்த கூரைக்குத் தோளைக் கொடுத்து முக்கிக்கொண்டிருந்தார். கூரை நாலு விரல்கடை எழும்பும், மறுபடி உட்கார்ந்துவிடும்.

"மேல சோலார் தகடு வேற இருக்குங்க. கனம் ஜாஸ்தி. வயசான மனுஷன், ஒரு கை கொடுத்தா என்ன?"

"பாலைவனத்துல யாரு வந்து கை கொடுக்கப் போறா? இங்க முடியலேன்னா அங்கயும் முடியாது. தெரிஞ்சுக்கட்டும்."

அவள் கூட வந்ததே அதற்குத்தான். அம்மா போன பிறகு அப்பாவுக்கு வீடு பிடிக்கவில்லை. பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைத்துக்கொள்ளும் இந்த மாதிரிக் கூரை எழும்பும் பெட்டிவீடு ஒன்றை வாங்கி, பனிக்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில் போய்க் கிடக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். இடாஹோ மலைப்பாதையில் ஆயுசு முழுக்கப் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர். "அள்ளினது போதும்டி, இனிமே பனியை டிவியில பாத்துக்கறேன்" என்பார். போன வசந்தத்தில் நெஞ்சில் ஒரு வலி வந்து போயிற்று. டாக்டரிடம் போகச் சொன்னதற்கு வாயு என்று சொல்லிச் சோடா குடித்தார்.

"அந்தப் பெட்டிக்குள்ள நீங்க ஒருநாள் செத்துக் கிடந்தா, எனக்கு யாருப்பா வந்து சொல்லுவா?" என்று அவள் சமையலறையில் கத்தியே விட்டாள்.

"நாத்தம் வந்தா பக்கத்து வண்டிக்காரன் சொல்லுவான்" என்றார் எல்டன், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

இந்த மனுஷனோடு பேசி ஜெயிக்க முடியுமா? அதனால் அவள் பேச்சை நிறுத்திவிட்டு, பார்க்கப் போகும் ஒவ்வொரு கேம்பரிலும் ஏதாவது ஒரு ஓட்டை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். இதுவரை அவள் வேண்டுதல் பலித்துக்கொண்டே வந்தது. ஒன்றில் துணி கிழிந்திருந்தது. ஒன்று இவர் வண்டி தாங்காத கனம். மற்றதெல்லாம் இத்துப்போன மரம்.

இதில் மட்டும் பலிக்கவில்லை. கர்ட்டிஸ் அதைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த புல்வெளியில், நாலு இரும்புக் கால்களில் அது நின்றது. தண்ணீர்க் கறை இல்லை, எலி வாடை இல்லை, அமுங்குகிற தரை இல்லை. எல்டன் கூரையின் ஓரங்களை விரலால் வருடி வந்தபோது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. ரோண்டாவின் வேண்டுதலுக்கு மிச்சம் இருந்தது இந்தக் கூரை ஒன்றுதான்.

கூரை எழும்பிற்று. முன்பக்கம் முதலில், பிறகு பின்பக்கம். மடிந்திருந்த துணிச்சுவர் படபடவென்று விரிந்தது. எல்டன் வாசலில் வந்து நின்றார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"என்னமோ சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"காதுல விழுந்துது. கிழவனுக்குக் காது இன்னும் செத்துப் போகல."

"வேர்த்துக் கொட்டுது. கொஞ்சம் உக்காருங்கப்பா."

"உள்ள கட்டில் இருக்கு, அங்க உக்காந்துக்கறேன். கதவைச் சாத்து. ஜன்னல் மூடியெல்லாம் இழுத்து விடறேன். இருட்டுல பாத்தாத்தான் துணியில ஊசி ஓட்டை இருக்கறது தெரியும். ரெண்டு பேரும் கிட்ட வந்து நிழல் போடாதீங்க. அந்தப் பக்கம் போய்ப் பேசுங்க. முடிஞ்சா சண்டை போடுங்க."

கர்ட்டிஸ் சிரித்தார். ரோண்டா கதவைச் சாத்தினாள்.

ஆற்றங்கரைப் பக்கம் இருந்த மேஜையில் கர்ட்டிஸ் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினார். கேம்பர் கூப்பிடு தூரம்கூட இல்லை, கைக்கெட்டும் தூரம் என்றே சொல்லலாம். மூடிகள் சரசரவென்று இறங்குவது கேட்டது. பிறகு தட்டும் சத்தம். டொக், டொக் என்று முன்மூலையிலிருந்து சுவரோடு நகர்ந்து வந்தது.

"என்ன பண்றாரு?"

"தட்டிப் பார்க்கிறார்" என்றாள் ரோண்டா. "தண்ணி ஊறின மரம் இருக்கான்னு. கெட்டியா இருந்தா நகந்து போயிடுவார். இத்துப்போன இடம் கிடைச்சா, அவ்வளவுதான், அதையே திரும்பத் திரும்பத் தட்டுவார். வாயத் திறக்க மாட்டார். வித்தவன் முகம் சுருங்கற வரைக்கும் தட்டுவார்."

"நல்ல ஆளுதான்! பேசாமலே மானத்தை வாங்கிடுவார் போல."

"போன வாரம் ஒருத்தர் அழாத குறை."

சத்தம் நின்றது. கர்ட்டிஸ் தன் மனைவிக்கு முழங்கால் அறுவை நடந்ததையும், இனி அவளால் இந்தப் படி ஏற முடியாது என்பதையும் சொன்னார். ரோண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுவதைச் சொன்னாள். அப்போது மறுபடி கேட்டது. இந்தத் தடவை பின்மூலையில், தரையை ஒட்டி.

டொக். டொக் டொக்.

ரோண்டா காபியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். அடுத்த தட்டு நகரவில்லை. அதே இடம். மறுபடியும் அதே இடம்.

'கிடைச்சுடுச்சு' என்று அவள் மனம் துள்ளியது. அட, கடவுள் இருக்கிறார்!

கர்ட்டிஸின் முகம் மாறியது. "அங்க ஒண்ணும் இல்லைங்க. சத்தியமா. போன வருஷம்கூட ஓரமெல்லாம் பசை பூசினேன்."

"அது உங்களுக்கும் அவருக்கும்."

டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

"பெரியவரே!" கர்ட்டிஸ் எழுந்து நின்று குரல் கொடுத்தார். "அந்த மூலை நல்ல மூலைங்க! வேணும்னா விலையில கொஞ்சம் பாத்துப் பண்ணிக்கலாம்!"

பதிலுக்கு ஒரே ஒரு தட்டு, மெதுவாக.

"பாத்தீங்களா? பேச மாட்டார்" என்றாள் ரோண்டா. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "உக்காருங்க. நீங்க எழுந்து போனீங்கன்னா அவருக்குத் துளிர் விட்டுடும். அவரா வரட்டும்."

கர்ட்டிஸ் உட்கார்ந்தார். தட்டுகிற சத்தம் அதோடு நின்றுபோயிற்று. ஆற்றுச் சத்தம் மட்டும். கர்ட்டிஸ் பொறுக்க மாட்டாமல் இன்னும் கொஞ்சம் விலையைக் குறைத்தார். உள்ளே சத்தமே இல்லை. இன்னும் குறைத்தார். ரோண்டாவுக்கு அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. அப்பா வீட்டுக்குப் போகும் வழியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இந்தப் பனிக்காலம் வீட்டில்தான் இருப்பார். இரவுச் சாப்பாட்டுக்கு வறுத்த இறைச்சி செய்யலாம், அவருக்குப் பிடித்த மாதிரி, ஓரம் கருக.

காபி ஆறிப்போன பிறகுதான் அவளுக்கு என்னமோ போல இருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"போதும்ப்பா, மனுஷன் பாவம்..."

உள்ளே இருட்டு. வாசல் வெளிச்சம் முதலில் அவர் பூட்ஸில் விழுந்தது. எல்டன் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த சந்தில். வலக்கை தலைக்கு மேல் நீண்டு, முட்டி மடங்கி, பின்மூலைச் சுவரில் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"அப்பா, என்ன அங்க பாக்கறீங்க?" என்றாள் ரோண்டா.

தான் அப்படிக் கேட்டது பிறகு வெகுநேரம் அவள் காதிலேயே நின்றது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. கால்களைப் பிடித்து இழுத்தார்கள். வாசலுக்கு அகலம் போதவில்லை, தோள் இடித்தது. புல்லில் கிடத்தினார்கள். கர்ட்டிஸ் போன் செய்ய வீட்டுக்கு ஓடினார். பேருந்து ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி அவள் இரண்டு கையையும் கோத்து மார்பை அழுத்தினாள். அப்பாவின் சட்டை வேர்வையில் நனைந்து சில்லென்று இருந்தது. அழுத்த அழுத்த அவர் தலை ஆடியது. "வேணாம், வேணாம்" என்று சொல்வது மாதிரி ஆடியது. அவள் நிறுத்தவே இல்லை. ஆம்புலன்ஸ் வந்து, ஒரு பெண் அவள் தோளைத் தொட்டு, "நான் பாத்துக்கறேன், கையை எடும்மா" என்று சொன்ன பிறகும் அவள் கை எடுபடவில்லை. பிரித்துத்தான் எடுத்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் மார்வா. ஊரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவள், கூப்பிட்டால் ஆம்புலன்ஸில் வருவாள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்து பார்த்தாள். பிறகு முழங்காலில் உட்கார்ந்தபடியே கையுறையைக் கழற்றினாள்.

"முடிஞ்சு போச்சும்மா."

"சரி" என்றாள் ரோண்டா. கர்ட்டிஸ் பக்கம் திரும்பினாள். "நாங்க இதை வாங்கல."

"சரிங்க" என்றார் கர்ட்டிஸ்.

"கூரை நல்லாத்தான் இருக்கு. வேற ஆளு வாங்கிப்பாங்க."

"சரிங்க, சரிங்க."

மார்வா ஒரு போர்வையை எடுத்து ரோண்டாவின் முதுகில் போட்டாள். சாவை விசாரிக்கிற அதிகாரி வந்து பார்ப்பதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உள்ள அடுப்பு, ஹீட்டர் ஏதாவது எரிஞ்சுதா?"

"கேஸ் சிலிண்டரே மாட்டலைங்க" என்றார் கர்ட்டிஸ்.

"நெஞ்சு வலி முன்னாடி உண்டா?"

"வாயுன்னு சொன்னார்" என்றாள் ரோண்டா.

"கூப்பிட்டாரா? சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்ல" என்று கர்ட்டிஸ் ஆரம்பித்தார். "கூப்பிடலை. தட்டிப் பாத்துட்டு இருந்தாரு. அந்தக் கீழ் மூலையிலதான். மரம் இத்துப் போயிருக்கான்னு பாக்க..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மார்வா தலையை நிமிர்த்தவில்லை. கையுறை இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டினாள், மறுபடி பிரித்தாள்.

"அவர் அப்படித்தான்" என்றாள் ரோண்டா வேகமாக. "இத்துப்போன இடம் கிடைச்சா அதையே தட்டுவார். போன வாரமும் தட்டினார். கேளுங்க, யாரை வேணும்னாலும் கேளுங்க. அது அவர் பழக்கம்."

"சரிம்மா" என்றாள் மார்வா.

எல்லாரும் 'சரி' என்றே சொன்னார்கள். அதிகாரி வந்தார், பார்த்தார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எல்டனைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பூட்ஸைக் கழற்றவில்லையே என்று ரோண்டா சொன்னாள். மார்வா கழற்றி அவளிடம் கொடுத்தாள். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. வரவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஆம்புலன்ஸ் சைரன் இல்லாமல் மெதுவாகக் கிளம்பிற்று. இனி அவசரம் எதற்கு?

"உங்க வண்டியை நான் ஓட்டிட்டு வரேன்" என்றார் கர்ட்டிஸ். "சாவி எங்க இருக்கு? இருங்க, வீட்டுல சொல்லிட்டு வந்துடறேன்."

"தொப்பி உள்ள இருக்கு" என்றாள் ரோண்டா.

"நான் எடுத்துத் தரேன்."

"வேணாம். நானே எடுத்துக்கறேன்."

அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். ரோண்டா பூட்ஸைப் புல்லில் வைத்துவிட்டு உள்ளே ஏறினாள். மூடிகள் இறங்கியே இருந்தன. அவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. துணிச்சுவரை அண்ணாந்து பார்த்தாள். எங்கும் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. நல்ல துணி. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

தொப்பி கட்டிலின் மேல் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தரையில் மண்டியிட்டாள். அவர் கை இருந்த மூலைக்குத் தவழ்ந்து போனாள்.

கட்டைவிரலால் மரத்தை அழுத்தினாள். அமுங்கவில்லை. நகத்தால் குத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. விரல் முட்டியை மடக்கித் தட்டினாள். டொக். சுத்தமான, கெட்டியான சத்தம். கொஞ்சம் மேலே தட்டினாள். அதே சத்தம். கீழே, தரை ஓரத்தில், மூலை மடிப்பில், அடுப்புக்குப் பின்னால். எங்கேயாவது ஒரு விரல்கடை இடம் இத்துப் போயிருக்கக் கூடாதா, கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம்? கடவுளே, ஒரு இடம் காட்டு. மறுபடி மூலைக்கே வந்து, கை வலிக்கத் தட்டினாள். டொக் டொக். டொக் டொக் டொக்.

வெளியே யாரோ புல்லில் தலைதெறிக்க ஓடி வரும் சத்தம் கேட்டது. கதவு படீரென்று திறந்தது. கர்ட்டிஸ் மூச்சு வாங்க நின்றார்.

"என்னங்க? கூப்பிட்டீங்களா?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கை சுவரிலேயே இருந்தது.